வளைந்த கண்ணாடியை 3018 மேசையில் உட்காரவைப்பது: டம்ளர், பாட்டில், உருண்டை

கோடுபோடி:

வணக்கம். இயந்திரம் 3018 (கணினி ஓட்டும் சிறு செதுக்கு இயந்திரம்), ஜிஆர்பிஎல் மென்பொருள் ஓடும் கட்டுப்பாட்டு போர்டு, 775 மோட்டார், முனையைப் பிடிக்கும் ஈஆர்11 கோலெட். முனை, ஸ்பிரிங் வைத்த 90 டிகிரி வைர டிராக் பிட் (சுழலாமல் இழுத்துக் கீறுவது). பொருள், 70 மி.மீ. விட்டமுள்ள நேர்ச்சுவர் கண்ணாடி டம்ளர். வடிவம் 30 மி.மீ. அகலம், 40 மி.மீ. நீளம், உள்ளே நெருக்கமான கோடுகளால் நிரப்பு உண்டு.

எம்டிஎஃப் பலகையில் வி-பள்ளம் வெட்டி டம்ளரைப் படுக்கவைத்து, இரண்டு முனையிலும் மேசையோடு வந்த அலுமினியக் கிளாம்பைப் போட்டிருக்கிறேன். மூன்று சிக்கல்:

1. வேலை பாதி ஆகும்போது டம்ளர் மெதுவாக உருண்டுவிடுகிறது. கடைசிக் கோடுகள் 1 மி.மீ. வரை தள்ளி விழுகின்றன.
2. நடுவில் கோடு அழுத்தமாகவும் ஓரத்தில் மெலிந்தும் வருகிறது. சில இடத்தில் முனை தொடவே இல்லை.
3. கிளாம்பை இன்னும் இறுக்கினால் கண்ணாடி உடையும் போலிருக்கிறது.

எப்படிப் பிடிக்கலாம் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வைரமுனை:

முதலில் அந்த அலுமினியக் கிளாம்பைக் கழற்றிவிடுங்கள், நண்பரே. கண்ணாடியில் உலோகம் நேராகப் படவே கூடாது. கிளாம்பின் விளிம்பு தொடுவது ஒரு புள்ளியில்தான். அந்தப் புள்ளியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் ஒன்று இருந்தால் போதும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

டிராக் பிட்டுக்குப் பெரிய பிடிப்பே தேவையில்லை. ஸ்பிரிங் கீழே அமுக்குவது சில நூறு கிராம். பக்கவாட்டு இழுப்பு அதிலும் குறைவு. அந்தச் சின்ன இழுப்பு டம்ளரை உருட்டாமலும், நீளவாக்கில் நகர்த்தாமலும் இருந்தால் சரி. எம்டிஎஃப்பில் கண்ணாடி உருள்வதற்குக் காரணம் இறுக்கம் போதாதது இல்லை. வழவழப்பான இரண்டு பரப்பு ஒன்றோடொன்று உரசுகின்றன, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. பள்ளத்தின் இரு சரிவிலும் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஒட்டுங்கள். சமையலறை அலமாரியில் விரிக்கும் வழுக்காத ரப்பர் விரிப்பும் ஆகும். ஒட்டுவதற்கு முன் டியூபிலுள்ள வெள்ளைப் பொடியைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். அந்தப் பொடி இருந்தால் ரப்பரும் வழுக்கும். டம்ளரின் வெளிப்பக்கத்தையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். கைரேகை எண்ணெய் இருந்தால் அதுவும் வழுக்கும்.

மேலே பிடிக்கவும் டியூப்தான். 20 மி.மீ. அகலப் பட்டையாக இரண்டு வெட்டி, ஒன்றை வாய்ப்பக்கமும் இன்னொன்றை அடிப்பக்கமும் போட்டு, பள்ளம் வெட்டிய கட்டையின் இருபுறமும் திருகிய ஸ்க்ரூவில் மாட்டுங்கள். பட்டை ஒன்றரை மடங்கு நீளும் அளவுக்கு இழுத்தால் போதும். ஈஆர்11 நட்டின் விட்டம் ஏறக்குறைய 19 மி.மீ.; அதற்கு மேலே ஸ்பிண்டில் (முனையைச் சுழற்றும் மோட்டாரும் தண்டும்) உடம்பு இன்னும் அகலம். ஆகவே வடிவத்தின் எல்லையிலிருந்து பட்டை குறைந்தது 15 மி.மீ. தள்ளியே இருக்கட்டும்.

அடிப்பக்கத்தில் ஒரு கட்டையைத் திருகி, ரப்பர் ஒட்டி, டம்ளரை அதில் முட்டவையுங்கள். நீளவாக்கு நகர்வு நின்றுவிடும். அடுத்த டம்ளரும் அதே இடத்தில் வந்து உட்காரும்.

பலகைத்தச்சன்:

வி-கட்டையில் இன்னொரு சங்கடமும் உண்டு: உயரம். 3018-இல் இசட் ஓட்டம், அதாவது முனை மேலும் கீழும் போகும் தூரம், ஏறக்குறைய 45 மி.மீ.தான். 90 டிகிரி வி-பள்ளத்தில் உட்கார்ந்த உருளையின் மேல் கோடு, பள்ளத்தின் அடிமூலையிலிருந்து ஆரத்தைப் போல் 2.414 மடங்கு உயரத்தில் நிற்கும். 35 மி.மீ. ஆரத்துக்கு 84.5 மி.மீ. அதோடு கட்டையின் அடிக்கனமும் சேரும். பல இயந்திரங்களில் ஸ்பிண்டில் இதற்கு மேல் ஏறாது.

கட்டைக்குப் பதிலாக இரண்டு 2020 அலுமினியப் புரொஃபைல் (20-க்கு 20 மி.மீ. சதுரக் கம்பி) துண்டுகளை டி-ஸ்லாட் போல்ட்டால் மேசையில் இணையாக இறுக்குங்கள். உள்விளிம்புகளுக்கு நடுவே 60 மி.மீ. இடைவெளி விட்டால், 70 மி.மீ. டம்ளரின் அடிப்பாகம் மேசைக்கு மேலே வெறும் 3 மி.மீ.யில் தொங்கும், மேல் கோடு 73 மி.மீ.யில் வரும். கிட்டத்தட்ட 12 மி.மீ. மிச்சம். இடைவெளியை 40 ஆக்கினால் மேல் கோடு 84-க்குப் போய்விடும். புரொஃபைலின் விளிம்புகளுக்கு டியூப் ரப்பரைப் போர்த்த மறக்காதீர்கள். ரப்பரின் கனத்தால் டம்ளர் கொஞ்சம் மேலே ஏறும், அதையும் கணக்கில் எடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: இடைவெளி விட்டத்தை நெருங்க நெருங்க டம்ளர் ஆப்பு மாதிரி இறங்கிச் சிக்கும், சுவரின் இருபுறமும் நெரிபடும். 70-க்கு 60 வரை சரி. அதற்கு மேல் வேண்டாம்.

சுழலச்சு:

இவ்வளவு எதற்கு? நான்காவது அச்சாக, பொருளைச் சுற்றும் ரோட்டரி ஒன்றைப் போட்டால் வளைவு என்ற பேச்சே இல்லை. ஒய் மோட்டாரின் கம்பியை எடுத்து ரோட்டரியில் செருகி, $101 மதிப்பை (1 மி.மீ. நகர ஒய் மோட்டார் போடவேண்டிய படிகளின் எண்ணிக்கை) மாற்றினால் வேலை முடிந்தது. முனை எப்போதும் மேல் கோட்டிலேயே நிற்கும், டம்ளர்தான் சுற்றும்.

கணக்கு இப்படி: 200 படி மோட்டார், 16 மைக்ரோஸ்டெப் (ஒரு படியை 16 ஆகப் பிரிப்பது), நேரடி இணைப்பு என்றால் ஒரு சுற்றுக்கு 3200 படி. 70 மி.மீ. விட்டத்தின் சுற்றளவு 219.9 மி.மீ. ஆக $101 = 14.55. இது கொஞ்சம் முரடு. ஒரு படிக்கு 0.069 மி.மீ. நகரும். 6:1 பல்சக்கரக் குறைப்பு இருந்தால் 87.3 ஆகும், கோடு மழமழவென்று வரும். விட்டம் மாறினால் இந்த எண்ணும் மாறவேண்டும். பழைய மதிப்பை எழுதிவைத்துக்கொண்டு மாற்றுங்கள். இல்லாவிட்டால் அடுத்த தட்டை வேலை கெட்டுப்போகும்.

வைரமுனை:

டம்ளரைச் சுற்றி முழுச் சுற்றாக வடிவம் போடுவதென்றால் ரோட்டரிதான், மறுப்பில்லை. ஆனால் எந்த ரோட்டரி என்பது முக்கியம். லேசருக்கு விற்கிற உருளை ரோட்டரி இரண்டு ரப்பர் உருளையின் மேல் பொருளைச் சும்மா கிடத்தி உருட்டுவது. லேசர் பொருளைத் தொடுவதில்லை, அதனால் அங்கே அது சரி. டிராக் பிட் அமுக்கி இழுக்கும்போது டம்ளர் உருளையின் மேல் வழுக்கும். ஒவ்வொரு கோட்டிலும் 0.1 மி.மீ. வழுக்கினாலும் 100 கோட்டில் 10 மி.மீ.

சக் (தாடைகளால் கவ்வும் பிடி) வைத்ததென்றால் மூன்று தாடையால் கண்ணாடியை வெளியிலிருந்து கவ்வக் கூடாது. உள்ளே மரத்தில் கடைந்த அடைப்பான் ஒன்றைப் போடுங்கள். டம்ளர் வாயின் உள்விட்டத்தைவிட 3 மி.மீ. சின்னதாகக் கடைந்து, அதில் இரண்டு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போட்டால் இறுக்கமாக உட்காரும். சக் அடைப்பானின் நடு போல்ட்டைத்தான் பிடிக்கவேண்டும். எதிர்முனையில் டெயில்ஸ்டாக் (மறுபக்கத் தாங்கி) கூம்பு டம்ளரின் அடியைத் தொடும் இடத்தில் சிலிக்கான் வட்டு ஒன்று. விரலால் திருகும் அளவுக்கு மேல் முடுக்காதீர்கள்.

கோடுபோடி கேட்டது 30 மி.மீ. அகலம். அதற்கு ரோட்டரி தேவையில்லை என்பது என் கணிப்பு. வளைவு எவ்வளவு விழுகிறது என்று பாருங்கள். ஆரத்தின் வர்க்கத்திலிருந்து பாதி அகலத்தின் வர்க்கத்தைக் கழித்து, அதன் வர்க்கமூலத்தை ஆரத்திலிருந்து கழித்தால் ஓரத்தின் தாழ்வு கிடைக்கும். 35 மி.மீ. ஆரத்துக்கு:

10 மி.மீ. அகலம்: 0.36 மி.மீ. தாழ்வு
20 மி.மீ.: 1.46
30 மி.மீ.: 3.38
40 மி.மீ.: 6.28

அகலம் இரட்டித்தால் தாழ்வு நாலு மடங்குக்கும் மேலாகிறது. உங்கள் இரண்டாவது சிக்கலுக்கு விடை இங்கேதான். பல டிராக் பிட்டில் ஸ்பிரிங் ஓட்டமே 3 மி.மீ. சுற்றுவட்டாரம். நடுவில் 1 மி.மீ. அமுக்கி ஆரம்பித்தால், 30 மி.மீ. அகலத்தின் ஓரத்தில் முனை காற்றில்தான் தொங்கும்.

கோடுபோடி:

நன்றி, நல்ல தெளிவு. அப்படியானால் 30-ஐ 20 ஆக்கினால் 1.46-தான், ஸ்பிரிங் சமாளித்துவிடும். ஆனால் தொடும் இடத்திலும் நடு அழுத்தம், ஓரம் மெலிசு என்பது மாறுமா?

வைரமுனை:

முழுக்க மாறாது. ஸ்பிரிங் அமுங்க அமுங்க விசை கூடும் இல்லையா? அளந்தே பார்க்கலாம். சமையலறைத் தராசை மேசையில் வைத்து, தட்டின் மேல் ஒரு மரத்துண்டு வைத்து, முனை தொட்டதிலிருந்து 0.5 மி.மீ. வீதம் இசட்டை இறக்கி, கிராமைக் குறித்துக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக 0.5 மி.மீ.யில் 180 கிராமும் 2.5 மி.மீ.யில் 420 கிராமும் காட்டினால், அது மி.மீ.க்கு 120 கிராம் ஸ்பிரிங். 1.46 மி.மீ. தாழ்வில் நடுவுக்கும் ஓரத்துக்கும் 175 கிராம் வித்தியாசம். கண்ணாடியில் அது பளிச்சென்று தெரியும்.

இரண்டு வழி உண்டு. ஒன்று, மென்மையான, நீளமான ஸ்பிரிங்கை மாற்றி, கூட்டுக்குள் போடும்போதே அமுக்கிவைப்பது. மி.மீ.க்கு 40 கிராம் ஸ்பிரிங் என்றால் அதே தாழ்வில் வித்தியாசம் 58 கிராம்தான். இன்னொன்று, இயந்திரத்துக்குக் கொடுக்கும் கோப்பிலேயே வளைவைச் சேர்ப்பது. அதைக் கீழே வேறு யாராவது விளக்குவார்கள் என்று நினைக்கிறேன்.

அதற்கு முன் ஒன்று. நிரப்புக் கோடுகளைக் குறுக்கே போடாதீர்கள். டம்ளரின் நீளவாக்கில் போடுங்கள். குறுக்கே போட்டால் ஒவ்வொரு கோட்டிலும் முனை மேடு ஏறி இறங்கும். ஏறும்போது ஒரு கனம், இறங்கும்போது ஒரு கனம். அந்தக் குறுக்கு இழுப்புதான் டம்ளரை உருட்டவும் செய்கிறது. நீளவாக்கில் போனால் ஒரு கோடு முழுக்க ஒரே உயரம், ஒரே அழுத்தம். இழுப்பும் அடியிலுள்ள முட்டுக்கட்டையில்தான் போய் விழும். கோடுகளுக்கு நடுவே 0.15 முதல் 0.2 மி.மீ., ஃபீடு (முனை நகரும் வேகம்) நிமிடத்துக்கு 400 முதல் 600 மி.மீ. வைத்து ஆரம்பியுங்கள்.

ஸ்பிண்டில் சுழலவே கூடாது. ஸ்பிண்டிலை நிறுத்தும் எம்5 கட்டளை போட்டால் மட்டும் போதாது, மோட்டார் கம்பியையே கழற்றுங்கள். அதன் பிறகும் தண்டு கையால் சுற்றும்படி தளர்வாகத்தான் இருக்கும். முனை மையத்திலிருந்து இம்மி விலகியிருந்தாலும், திசை மாறும்போதெல்லாம் தண்டு திரும்பி எழுத்து நடுங்கினாற்போல் வரும். கோலெட் நட்டை ஸ்பிண்டில் உடம்போடு சேர்த்து ஒரு கேபிள் டையோ டேப்போ சுற்றிக் கட்டினால் கோடு நேராகிவிடும்.

ஈரக்கல்:

வளைவைக் கோப்பில் சேர்ப்பது பற்றி. ஒய் அச்சு வளைவின் குறுக்கே, எக்ஸ் அச்சு டம்ளரின் நீளவாக்கில் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு புள்ளியின் இசட்டிலிருந்தும் அந்த ஒய்-க்கான தாழ்வைக் கழிப்பதுதான் முழு வேலை. வைரமுனை சொன்ன அதே கணக்கு. பத்து வரி பைதான் நிரலில் முடியும். ஆனால் நீளமான நேர்கோடுகளை 0.5 மி.மீ. துண்டுகளாக உடைத்த பிறகே கழிக்கவேண்டும். இல்லாவிட்டால் தொடக்கமும் முடிவும் மட்டும் சரியாகி, நடுவழி நேர்கோடாகவே போய் மேட்டில் அழுத்தும்.

இந்தக் கணக்கு சரியாக விழ, மேல் கோடு ஒய்=0-வில் இருக்கவேண்டும். அதைக் கண்ணால் பார்த்து வைக்காதீர்கள். உத்தேச நடுவிலிருந்து ஒய் +15-இலும் −15-இலும் முனையை இறக்கி, தொடும் உயரத்தைக் குறியுங்கள். இரண்டும் சமமானால் நடு சரி. 35 மி.மீ. ஆரத்தில் ஒரு வசதி: இந்த இரண்டு உயரத்துக்கும் உள்ள வித்தியாசம், நடு எவ்வளவு தள்ளியிருக்கிறதோ ஏறக்குறைய அதே அளவு. 0.2 மி.மீ. வித்தியாசம் வந்தால், உயரமான பக்கத்துக்கு 0.2 மி.மீ. நகர்த்திப் பூஜ்யம் போடுங்கள்.

கடைச்சல்காரர்:

சூத்திரம் அழகுதான், ஆனால் டம்ளர் உண்மையில் அவ்வளவு வட்டமாக இருப்பதில்லையே. அச்சில் ஊதிய பாட்டிலில் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு மூட்டுக் கோடு இருக்கும். அந்த இடத்தில் பரப்பு சற்றுப் புடைக்கும். கேலிப்பரை வைத்துச் சுற்றிப் பார்த்தால் விட்டமே இடத்துக்கு இடம் மாறும். டிராக் பிட்டுக்கு அது பரவாயில்லை, ஸ்பிரிங் பார்த்துக்கொள்ளும். சுழலும் வைரப் பர் (அரைத்து வெட்டும் சிறு முனை) என்றால் நிலைமை வேறு. அங்கே வெட்டு ஆழமே 0.05 மி.மீ.தான். பரப்பு அதைவிட அதிகம் ஏறி இறங்கினால் ஓரிடத்தில் வெட்டாது, இன்னோரிடத்தில் முட்டிச் சில்லு தெறிக்கும்.

அதற்கு, இயந்திரத்தை ஓட்டும் கேண்டில் மென்பொருளின் ஹைட்மேப் (பரப்பின் உயரத்தைப் புள்ளி புள்ளியாக அளந்து கோப்பைத் திருத்துவது) உதவும். கண்ணாடியில் மின்சாரம் பாயாது. ஆகவே பசையுள்ள செப்புப் படலத்தைப் பரப்பில் ஒட்டி, முனை தொடுவதை மின்சாரத்தால் உணரும் புரோபின் ஒரு கம்பியைப் படலத்திலும் மற்றதை முனையிலும் மாட்டவேண்டும். காற்றுக் குமிழி ஒன்று இருந்தாலும் அந்தப் புள்ளி பொய் உயரம் காட்டும்; பிளாஸ்டிக் அட்டையால் தேய்த்து ஒட்டுங்கள். படலத்தின் கனத்தைக் கேலிப்பரால் அளந்து இசட்டில் கழிக்கவேண்டும். வைரமும் மின்சாரம் கடத்தாது. அதனால் புரோபுக்கு ஒரு சாதாரண எஃகு வி-பிட்டைப் போட்டுவிட்டு, பிறகு பர்ரை மாற்றி இசட்டை மறுபடியும் தொட்டுவையுங்கள்.

கட்டத்தின் நெருக்கம்தான் பலரும் கோட்டைவிடும் இடம். 5 மி.மீ. இடைவெளியில் அளந்து நடுவை நேர்கோடாக நிரப்பினால், 35 மி.மீ. ஆரத்தில் நடுப்புள்ளி 0.09 மி.மீ. தப்பாகும். வெட்டு ஆழத்தைவிட அதிகம்! வளைவின் குறுக்கே 2 மி.மீ. வையுங்கள், தப்பு 0.014-க்கு இறங்கிவிடும். நீளவாக்கில் 10 மி.மீ. போதும், அங்கே வளைவு இல்லை. 20-க்கு 40 மி.மீ. வடிவத்துக்கு 11-க்கு 5, மொத்தம் 55 புள்ளி.

ஈரக்கல்:

பர் பற்றிச் சொன்னதால் இதையும் சேர்க்கிறேன். 1 மி.மீ. உருண்டைப் பர் சரிவில் நிற்கும்போது நுனியால் தொடுவதில்லை, பக்கவாட்டால் தொடுகிறது. 30 மி.மீ. அகலத்தின் ஓரத்தில் பரப்பின் சரிவு 25 டிகிரி. நுனிக்குக் கணக்குப் போட்ட கோப்பில், அங்கே பர் 0.05 மி.மீ. கூடுதலாக உள்ளே போகும். 0.05 வெட்டச் சொன்னால் 0.1 வெட்டும். இருபுற ஓரமும் நடுவைவிட வெள்ளையாக, கரடாக வந்தால் காரணம் இதுதான். கோப்பில் ஓரத்தை அதற்கேற்ப உயர்த்துங்கள், அல்லது அகலத்தைக் குறையுங்கள்.

நடுவிலும் ஒரு குறை உண்டு. சுழலும் உருண்டையின் சரியான நுனியில் வேகம் பூஜ்யம். மேல் கோட்டில் பர் வெட்டாமல் தேய்க்கும். டம்ளரின் மேல் கோடு 5 முதல் 10 டிகிரி சாய்ந்திருக்கும்படி தாங்கியை வைத்து, அந்தச் சாய்வையும் சேர்த்து ஹைட்மேப் எடுத்தால் வெட்டு சுத்தமாக வரும். 3018-இன் 775 மோட்டார் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 சுற்றுதான், 1 மி.மீ. பர்ருக்கு அது விநாடிக்கு அரை மீட்டர் வேகம்தான். அதனால் ஃபீடை நிமிடத்துக்கு 50 முதல் 100 மி.மீ.க்கு மேல் ஏற்றாதீர்கள்.

தண்ணீர் கட்டாயம். வளைந்த பரப்பில் தண்ணீர் நிற்காது என்பார்கள். குழந்தைகள் விளையாடும் களிமண்ணை விரல் கனத்தில் உருட்டி வடிவத்தைச் சுற்றி அணை கட்டினால் நிற்கும். ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பும் அதில் விடுங்கள். அடியில் ஒரு தட்டு வைத்து, போர்டை மேசை மட்டத்துக்கு மேலே தூக்கிவிடுங்கள். ஈரமாக இருக்கும் வரை தூள் பறக்காது. காய்ந்த தூளைத் துணியால் தட்டாதீர்கள், ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். முகத்தில் என்95, கண்ணில் பக்கம் மூடிய கண்ணாடி.

பலகைத்தச்சன்:

ஒரே மாதிரி டம்ளர் பத்து, இருபது செய்வதானால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் படுக்கையை மிஞ்சியது இல்லை. பொருளின் உருவமே பள்ளமாகிவிடுவதால் அழுத்தம் முழுப் பரப்பிலும் பரவும்.

பெட்டியின் உள்ளளவு 120-க்கு 100, உயரம் 50 மி.மீ. டம்ளரின் வாயை டேப்பால் அடைத்து, கீழ்ப்பாதியில் 1 மி.மீ. ரப்பர் விரிப்பைச் சுற்றி, அதன் மேல் சமையலறை ஒட்டுப்படலம் ஒரு சுற்று. பிளாஸ்டர் 370 கிராம், தண்ணீர் 260 மி.லி. தண்ணீரில் பிளாஸ்டரைத் தூவி, ஒரு நிமிடம் ஊறவிட்டு, நுரை எழாமல் கலக்குங்கள். பெட்டியில் ஊற்றி, டம்ளரைப் படுக்கவைத்து, பாதிக்குக் கொஞ்சம் கீழே வரை மட்டும் அமிழ்த்துங்கள். பாதியைத் தாண்டினால் பிளாஸ்டர் மேலே கவ்விக்கொள்ளும், பிறகு எடுக்க முடியாது.

இங்கே எதிர்பாராத தொல்லை ஒன்று வரும்: டம்ளர் மிதக்கும். பாதி அமிழ்ந்த டம்ளரை அந்தக் குழம்பு ஏறக்குறைய 300 கிராம் விசையோடு மேலே தள்ளும். டம்ளரின் எடையோ அதைவிடக் குறைவாக இருக்கலாம். முன்கூட்டியே உள்ளே உலர்ந்த மணலை நிரப்பிவிட்டு வாயை அடையுங்கள். வெட்டும்போதும் அந்த மணல் இருக்கட்டும். மெல்லிய சுவரின் அதிர்வை அது விழுங்கிவிடும், கோட்டோரச் சில்லு கணிசமாகக் குறையும்.

ஒரு நாள் காயவிட்டு, தண்ணீர் படும் வேலையானால் இரண்டு கோட் வார்னிஷ் அடியுங்கள். ஈரம் ஏறிய பிளாஸ்டர் விரலால் சுரண்டினாலே உதிரும்.

டம்ளருக்குள் மட்டும் பிளாஸ்டரை ஊற்றாதீர்கள். இறுகும்போது அது விரியும், சூடும் கிளப்பும். கண்ணாடிக்கு வெளியே என்றால் கவலையில்லை. உள்ளே என்றால் விரிவதற்கு இடமில்லை, டம்ளர் பிளந்துவிடும்.

கோடுபோடி:

அடுத்த கேள்வி. என்னிடம் உள்ள இன்னொரு வகை டம்ளர் வாய் 80, அடி 60, உயரம் 100 மி.மீ. வி-கட்டையில் வைத்தால் மேல் கோடு ஒரே சரிவாக இருக்கிறது. எவ்வளவு தூக்கிக்கொடுப்பது?

பலகைத்தச்சன்:

90 டிகிரி வி-பள்ளத்தில் அந்த 2.414-தான் இதற்கும். ஆரங்களின் வித்தியாசம் 10 மி.மீ.; ஆக மேல் கோட்டின் உயர வித்தியாசம் ஏறக்குறைய 24 மி.மீ. அதாவது 13.6 டிகிரி. கட்டையில் டம்ளரின் அடி இருக்கும் பக்கத்தை அந்த அளவு தூக்கவேண்டும். வெறும் தட்டைப் பலகையில் கிடத்தினால் 20 மி.மீ.தான். வாய்க்கும் அடிக்கும் உள்ள விட்ட வித்தியாசத்தை மட்டும் பார்த்து ஆப்பு வெட்டிவிட்டு, வி-பள்ளத்தில் வைத்துப் பார்த்துச் சரியாக வரவில்லையே என்று பலரும் கேட்பது இந்த 20-க்கும் 24-க்கும் உள்ள இடைவெளிதான்.

ஆப்பை வைத்த பிறகு, முனையை வாய்ப்பக்கமும் அடிப்பக்கமும் தொட்டுப் பார்த்து, காகிதத்தைச் செருகிச் செருகிச் சரிசெய்யுங்கள். சாய்ந்த டம்ளர் தாழ்ந்த பக்கம், அதாவது வாய்ப்பக்கம் வழுக்கும். ஆகவே இங்கே முட்டுக்கட்டை வாய்ப்பக்கம் வரவேண்டும். வாயின் விளிம்புதான் டம்ளரிலேயே பலவீனமான இடம். கட்டையில் 3 மி.மீ. ரப்பர் ஒட்டி, விளிம்பு முழுதும் அதில் சமமாகப் படிகிறதா என்று பாருங்கள். கூம்பின் ஆரம் இடத்துக்கு இடம் மாறுவதால், ஈரக்கல் சொன்ன சூத்திரத்தில் வடிவத்தின் நடுவிலுள்ள ஆரத்தைப் போட்டால் டிராக் பிட்டுக்குப் போதும்.

கடைச்சல்காரர்:

எதையும் பிடிப்பதற்கு முன் அது டெம்பர் செய்த (சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்து வலுவூட்டிய) கண்ணாடியா என்று பாருங்கள். துராலெக்ஸ் போன்ற டம்ளர்கள் டெம்பர் செய்தவை. அவற்றின் மேல்தோல் அமுக்கத்திலும் உட்பகுதி இழுவிசையிலும் இருக்கும். கீறல் தோலைத் தாண்டினால் முழு டம்ளரும் துகளாகச் சிதறும். மடிக்கணினியின் திரையை வெள்ளையாக்கி, டம்ளரை அதன் முன் பிடித்து, போலரைஸ்டு கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். கூலிங் கிளாஸைத் தலையோடு சாய்த்தால் ஒரு கோணத்தில் திரை கறுக்கும். அந்த நிலையில் டம்ளரில் வெளிச்சமும் இருட்டுமாக அழுத்தமான பட்டைகள் தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். சாதாரணக் கண்ணாடி ஏறக்குறைய வெறுமையாகவே தெரியும்.

மணிகோர்ப்பவள்:

உருண்டைப் பேப்பர்வெயிட் எப்படி? 75 மி.மீ., முழுக் கண்ணாடி. எந்தப் பக்கமும் நிற்கமாட்டேன் என்கிறது.

வைரமுனை:

பிவிசி குழாயின் கப்ளிங்கை, உருண்டையின் அடி மேசையைத் தொடாத அளவுக்குத் தாழ்வாக அறுத்து, மேல் விளிம்பைச் சம மட்டமாகத் தேய்த்து, அதன் மேல் ஓர் ஓ-ரிங்கைப் பசையிட்டு ஒட்டுங்கள். வளையத்தின் விட்டம் 50 மி.மீ. அளவில் இருந்தால் 75 மி.மீ. உருண்டை ஆழமாக உட்காரும். உருண்டையின் எடையே பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும். கூடுதலாக, வளையத்தை ஒட்டி நாலு இடத்தில் ஹாட் க்ளூ. எடுக்கும்போது பெயர்க்கவேண்டாம், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுவிட்டு இரண்டு நிமிடம் பொறுத்தால் பசை கழன்றுகொடுக்கும். இங்கே இரண்டு திசையிலும் வளைவு, ஆகவே வடிவத்தை 20 மி.மீ. வட்டத்துக்குள் அடக்கிக்கொள்ளுங்கள்.

மணிகோர்ப்பவள்:

நகை வேலையில் பொருளை அரக்கில் பதித்துத்தானே செதுக்குகிறார்கள்? கண்ணாடிக்கு அது ஒத்துவராதா?

கடைச்சல்காரர்:

ஒத்துவரும், சகோதரி. ஒழுங்கற்ற உருவங்களுக்கு அதுதான் நல்ல வழி; சின்னக் கண்ணாடி இலை, பதக்கம், உடைந்த பாட்டில் துண்டு, எதுவானாலும். செங்கல் தூள் கலந்த அரக்கை ஒரு மரக்கட்டையின் மேல் இளக்கிப் பரப்பி, அதில் பொருளை அமுக்குவது. சூட்டில்தான் கவனம். சாதாரணச் சோடா-சுண்ணாம்புக் கண்ணாடி சட்டென்று 40, 50 டிகிரி வித்தியாசத்தைத் தாங்காமல் போகலாம். பொருளை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டு, மெல்ல மெல்லச் சூட்டை ஏற்றி, துடைத்துவிட்டு அரக்கில் வையுங்கள். அரக்கும் கொதிக்கக் கூடாது, விரலால் வளைக்கும் பதம் போதும். ஆறும்போது ஃபேன் காற்று படாமல் மூடிவையுங்கள். கழற்றும்போதும் அதே நிதானம். ஒட்டிய மிச்சம் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.

குழிவான டம்ளருக்கு அரக்கு வேண்டாம். சுவர் மெலிசு, சூடு ஒரு பக்கம் மட்டும் ஏறும்.

கோடுபோடி:

புரொஃபைல் 60 மி.மீ. இடைவெளி, டியூப் ரப்பர், உள்ளே மணல், நீளவாக்கு நிரப்பு, அகலம் 20. இந்த அமைப்பில் உருளல் சுத்தமாக நின்றுவிட்டது. தொடக்கக் கோட்டையும் கடைசிக் கோட்டையும் மறுபடி ஓட்டிப் பார்த்தேன், முனை அதே கீறலில் விழுகிறது. ஓரம் இன்னும் கொஞ்சம் மெலிசு; சூத்திரத்தை நாளைக்குச் சேர்க்கிறேன்.

கடைசியாக ஒன்று. கால் வைத்த ஒயின் கிளாஸ், நிரம்பிய பாட்டில் இரண்டையும் கேட்கிறார்கள்.

ஈரக்கல்:

கால் கிளாஸில் பாதத்தை மட்டும் பிடித்துக் கிண்ணத்தை அந்தரத்தில் விடாதீர்கள். முனை அமுக்கும் 300 கிராமும் தண்டு கிண்ணத்தைச் சேரும் கழுத்தில்தான் போய் வளைக்கும். கிண்ணத்துக்கு நேர் அடியில் பிளாஸ்டர் படுக்கை, உள்ளே ஈரத்துணித் திணிப்பு, பாதத்துக்கு வெறும் ரப்பர் முட்டு. தண்டு எதையும் தொடக் கூடாது. சுவர் 1 மி.மீ.க்கும் மெலிசான கிண்ணங்களுக்கு ஸ்பிரிங்கை 150 கிராமுக்குள் வையுங்கள்.

நிரம்பிய பாட்டில் சாதாரண பானம் என்றால் செய்யலாம். உள்ளே திரவம் இருப்பது அதிர்வுக்கு நல்லதுதான். மூட்டுக் கோடு பக்கவாட்டில் வரும்படி படுக்கவையுங்கள். சோடா, ஷாம்பெயின், பீர் போல வாயு அடைத்த பாட்டிலை மட்டும் யார் கேட்டாலும் செய்யாதீர்கள். உள்ளே அழுத்தம் இருக்கும்போது வெளிச்சுவரில் கீறல் போட்டால், விரிசல் ஓடத் தேவையான விசை ஏற்கெனவே அங்கே காத்திருக்கிறது. காலி பாட்டிலாகக் கொண்டுவரச் சொல்லுங்கள்.